நோர்வே ஆமிக்கு நான் நடித்துக் கொடுத்தது

மார்ச் 2, சனி

நோர்வே ராணுவம் என்னை உதவிக்கு அழைத்திருக்கிறது. அதற்காகவே இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறேன். பிற்காலத்தில் சரித்திரம் எழுதுகிறவர்கள் என் ஊர் பேர் தேடி அலையக்கூடாது. ஆகவே குறித்துக்கொள்ளவும். பெயர் தம்பு சோதிலிங்கம். பிறந்தது வடமராட்சி. இருப்பது வட நோர்வே, சென்யாத் தீவுக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கம். வேலை, மீன் தொழிற்சாலையில் தலைமை நிபுணர். சால்மன் பெட்டிக்கு ஐஸ் போடுகிற வேலை என்று என் தங்கை மலர் சொல்வாள். ஐஸ் இல்லாமல் சால்மன் தானாகப் பாரிசுக்குப் போய்விடுமா? படிப்பு எட்டாம் வகுப்பு. அதை இரண்டு தரம் படித்ததால் பத்து என்றே எழுதலாம்.

அழைப்பு வந்த விதம்: பால் வாங்கப் போனபோது கடைக் கதவில் ஒட்டியிருந்தது. குளிர்காலப் போர்ப் பயிற்சியில் ஊர்ச்சனமாக நடிக்க ஆட்கள் தேவையாம். நாளைக்கு நிஜச் சண்டை வந்தால் ஊருக்குள் கிழவர் இருப்பார்கள், கார் இருக்கும், நாய் இருக்கும். பொம்மையை வைத்துப் பழக முடியுமா? வயது தடையில்லை. சூப்பும் வாபிளும் தரப்படும். எல்லோருக்கும் பொதுவாக எழுதியதுபோல் தோன்றினாலும், வாசிக்க வாசிக்க என்னை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று விளங்கியது. அந்த இடத்திலேயே போன் செய்தேன்.

"ராணுவத்தோடு முன் அனுபவம் இருக்கிறதா?" என்று அந்தப் பக்கத்துப் பெண் கேட்டாள்.

"நிறைய" என்றேன். பொய்யில்லை.

மார்ச் 3, ஞாயிறு

மச்சான் காலமானதிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு மலர் வீட்டில்தான். கத்தரிக்காய்க் குழம்பு, கொட் மீன் பொரியல். மலரின் மகள் ஆரணி, என் மருமகள், இப்போது இந்த நாட்டு ஆமியில் இருக்கிறாள். இங்கே பத்தொன்பது வயதானால் ஆண், பெண் என்று பார்க்காமல் கூப்பிடுவார்கள். கூப்பிட்டாலும் எல்லோரையும் எடுப்பதில்லை, நல்ல பிள்ளைகளைத்தான் பொறுக்குவார்கள். அது என் பக்கத்து ரத்தம். ஆனால் மலர் கோயிலில் யார் கேட்டாலும் "அரசாங்க வேலை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆமி என்ற சொல் அவள் வாயில் வராது. அதிலும் அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் படுப்பார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து விரதம் கூட்டிவிட்டாள்.

"அவங்கட சொக்ஸ் மணத்துக்கு ஒருத்தரும் பக்கத்தில போகமாட்டினம் அம்மா" என்று ஆரணி சொல்லியும் பார்த்துவிட்டாள்.

இன்றைக்கு அவள் போன் எடுத்தபோது நான் விஷயத்தை அவிழ்த்தேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால்:

"மாமா, நீங்கள் பேர் குடுத்தது எங்கட பயிற்சிக்கு."

"அதுக்கென்ன. உனக்கும் ஒரு துணை."

"துணையோ? அந்தக் கிழமைதான் என்னைச் சோதிக்கப் போகினம். றோட்டில ஒரு செக்பொயின்ற், அது முழுக்க என்ர பொறுப்பு. வடிவாச் செய்தால் சார்ஜன்ற் பள்ளிக்கூடம். பிழைச்சால் ஜூலையோட வீட்டை."

"வீட்டை வாறது நல்லதுதானே" என்றாள் மலர், குழம்பைக் கிளறிக்கொண்டு.

"அம்மா."

"நான் வாயே திறக்கேல்லை."

"மாமா, வந்தால் என்னைத் தெரியாத மாதிரி நில்லுங்கோ. எனக்கும் உங்களைத் தெரியாது. நடிக்க வாற ஆக்களோட சொந்தம் கொண்டாடினால் புள்ளி வெட்டுவினம். கதை அளக்கவும் கூடாது."

"நான் எப்ப கதை அளந்தனான்?"

இரண்டு பக்கமும் சத்தமில்லை. லைனில் ஏதோ கோளாறு.

போனை வைத்தபின் மலர் என் கோப்பையில் இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள். "அண்ணை, நீங்கள் போகத்தான் வேணுமோ? சென்றி, துவக்கு எல்லாம் இருக்கும்."

"உனக்கென்ன பயம்?"

"எனக்கில்லை" என்றாள்.

மார்ச் 5, செவ்வாய்

தொழிற்சாலையில் ஐஸ் பகுதியில் என்னோடு நிற்பவன் அரியம். கரவெட்டிக்காரன். பொறாமை அவனுக்குப் பிறவி நோய்.

"சோதியண்ணை, உங்களை ஜெனரலாப் போட்டிட்டினமாம்?"

"ஆலோசகர்" என்றேன்.

"எதுக்கு, ஐசுக்கோ?"

பெட்டி கட்டுகிற போலந்துக்காரன்கூட மொழி விளங்காமல் சிரித்தான். நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். பிறகு, எங்கள் குடும்பத்துக்கு இதெல்லாம் புதிதல்ல என்று எடுத்துச் சொன்னேன். என் மூத்தவர் பரமலிங்கம் கனடாவில் பெரிய டயர் வியாபாரி. அந்த நாட்டு ராணுவ லொறிகள் ஓடுவதே அவர் டயரில்தான்.

"போன வருஷம் அவருக்கு ரெஸ்ரோரன்ற் எல்லோ?"

"ரெண்டும் நடக்குது."

"நம்பரைத் தாருங்கோ. என்ர மகன் ரொறன்ரோவிலதான் இருக்கிறான், ஒருக்காப் போய்ப் பாக்கட்டும்."

"அவர் போன் பாவிக்கிறதில்லை. பெரிய ஆக்கள் அப்பிடித்தான்."

நல்லவேளை, இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதற்கு மேல் கதைத்தால் காதில் விழாது.

மார்ச் 8, வெள்ளி

கார் பற்றரி செத்துவிட்டது; போருக்குப் போகிற வாகனம் செய்கிற வேலையா இது.

மார்ச் 11, திங்கள்

பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கூட்டம். நடிக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓய்வூதியக்காரர்கள். ஒரு கிழவி நாயோடு வந்திருந்தாள். பொறுப்பாக நின்றவன் லெப்டினன்ட் ஹால்வொர், இன்னும் மீசை முளைக்காத பொடியன். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "பெருமதிப்புக்குரிய சோதிலிங்கம் அவர்களே, தங்களைப் போன்ற அனுபவசாலிகள் இல்லாமல் இந்தப் படை எதைச் சாதிக்கும்?" என்ற கருத்துப்பட ஒரு வரவேற்பு கொடுத்தான். சொல்லாகப் பார்த்தால் "வணக்கம், கோப்பி அங்கே இருக்கிறது" என்றுதான் சொன்னான். நோர்வேக்காரர் சுருக்கமாகப் பேசுவார்கள், நாம்தான் விரித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வேடம். எனக்கு மீனவர் வேடம். மகள் வீட்டுக்குக் காரில் விறகு கொண்டு போகிறேன். வழியில் ராணுவம் மறிக்கிறது. ஏன் மறிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் கோபம். இவ்வளவுதான். நான் இதில் இரண்டு மனைவியும் ஒரு வழக்கும் சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

பிறகு ஒரு முக்கிய விஷயம் சொன்னான். பயிற்சி நடக்கும்போது யாருக்காவது நிஜமாகவே ஏதாவது என்றால், விழுந்து அடிபட்டாலோ, மயக்கமோ, பயமோ, எதுவானாலும், "நோ பிளே" என்று சொல்ல வேண்டும். இது விளையாட்டில்லை, நிஜம் என்று அர்த்தம். சொன்ன உடனே எல்லாம் நின்றுவிடும். பின்னால் வருகிற டாங்கிவரை நிற்கும். "அதனால் சும்மா சொல்லிவிடக்கூடாது" என்றும் சொன்னான். "ஒரு தொடரணியையே பனியில் நிறுத்துகிற சொல் அது."

கோழைகளுக்கான சொல் என்று விளங்கிக்கொண்டேன். வாபிள் இரண்டு சாப்பிட்டேன். அவர்களுடைய ஜாமில் உறைப்பு இல்லை.

மார்ச் 13, புதன்

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும். நான் ஒருவனாக இருந்து முழு நேட்டோவையும் நிறுத்திய நாள்.

காலையில் நல்ல வெயில், ஆனால் மூக்கு விறைக்கிற குளிர். காரின் பின்பக்கம் விறகு. பேர்ச் மரங்களுக்கு நடுவே வழித்த பனி இரண்டு பக்கமும் மதில் மாதிரி. வளைவு திரும்பியதும் தடை தெரிந்தது. துவக்கோடு நாலைந்து பேர், பக்கத்தில் ஒரு ராணுவ வாகனம்.

நான் காரைத் தூரத்திலேயே ஓரம் கட்டினேன். இறங்கித் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்தேன். அடையாள அட்டையை எடுத்து வலது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என்னிடம் தந்த குறிப்பில் "காரில் மெதுவாகத் தடைவரை வரவும்" என்றுதான் இருந்தது. எந்த மடையன் ஆமி மறிக்கிற சென்றிக்கு வாகனத்தில் ஏறி இருந்துகொண்டு போவான்? இறங்கி, தலையில் ஒன்றும் இல்லாமல், அட்டை தெரிய நடப்பதுதான் முறை. இந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. "காருக்குள் இருங்கள், ஏன் நடக்கிறீர்கள்?" என்று கத்தினார்கள். பாவம், நிஜச் சென்றி காணாத பிள்ளைகள்.

எனக்குப் பின்னால் வந்த நாய்க்கிழவி காரைத் தடைக்கு முட்டக் கொண்டுவந்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அந்தப் பொடியங்களைக் கண்டபடி பேசினாள். "இது என் ரோட்டு, என் வரி, தடியைத் தூக்கு" என்றாள். ஆமிக்காரனை இப்படிப் பேசுகிற சனத்தை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. அவளுக்கு நடிக்கத் தெரியவில்லை.

நான் தொடர்ந்து நடந்தேன். அந்த வாகனத்தின் முன் இருக்கையில் ஒருவர் இருந்தார். முகம் முழுக்கத் துணி, கண் இரண்டும் மட்டும் வெளியே. என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு திருப்பம் தேவை என்று எனக்குத் தோன்றியது. ஆகவே பனியில் முழங்காலில் இருந்தேன். கை இரண்டையும் பிடரியில் வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, சொந்தக் கற்பனை. உடம்பை நடுங்க வைத்தேன். நடுக்கம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால் பிறகு நிறுத்த முடியவில்லை. பெரிய நடிகர்களுக்கு இது வழமை.

ஒரு பொடியன் வந்து, "எழும்புங்கள், குளிர்" என்றான். நான் வேடத்தை விடவில்லை. அப்போது அந்த முகமூடிக்காரர் வாகனத்திலிருந்து குதித்து ஓடி வந்தார். வரும்போதே துணியை இழுத்துக் கழற்றினார். ஆரணி.

"மாமா. நான்தான் மாமா. இஞ்ச பாருங்கோ, நான் ஆரணி."

எனக்கு அது தெரியும். ஆனால் ஒருவரையொருவர் தெரியாததுபோல் நிற்க வேண்டும் என்று அவள்தானே சொன்னாள்? எனவே, "எனக்கு ஒருத்தரையும் தெரியாது ஐயா" என்றேன். அதைச் சிங்களத்தில் சொன்னேன். ஏன் சிங்களம் என்றால், ஒரு புதுமைக்கு. திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த வானொலிக் கருவியை அமத்தி, "நோ பிளே, நோ பிளே, நோ பிளே" என்றாள்.

உடனே எல்லா இயந்திரமும் நின்றது. காட்டுக்குள் இருந்து வந்த உறுமலும் நின்றது. நாய்கூடக் குரைக்கவில்லை. ஆரணி பனியில் என் முன்னால் இருந்து, என் கையைப் பிடரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, தன் கையுறைகளை எனக்கு மாட்டினாள். என்னுடையவை எங்கே விழுந்தனவோ தெரியாது.

பிறகு கூடாரத்தில் சூப் தந்தார்கள். ஆட்டிறைச்சி, நல்ல சூப். ஹால்வொர் வந்து சுகமா என்று கேட்டான். அந்தக் கிழவி என் முதுகைத் தடவினாள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா விட முடியுமா? "எப்படி என் நடிப்பு?" என்றேன். "முழுவதும் நடிப்பு. ஊரில் நான் மேடையில் அரிச்சந்திரனாக நின்றால் சுடலையில் நிஜப் பிணம் எழும்பிப் பார்க்கும்." ஹால்வொர் வாயைப் பிளந்துவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மூன்று கோப்பை குடித்தேன்.

ஆரணி கை தட்டவில்லை. வேலைக் களைப்பாக இருக்கும்.

மார்ச் 14, வியாழன்

தொழிற்சாலையில் நேட்டோவை நிறுத்திய கதையைச் சொன்னேன். அரியம்கூட நம்பினான். இடது கையில் மட்டும் நடிப்பின் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு தரம் ஐஸைப் பெட்டிக்கு வெளியே கொட்டினேன்.

மார்ச் 15, வெள்ளி

மலர் வீட்டில் உளுந்துவடை. மா அரைத்தது அவள், பொரித்தது நான். ஆரணி போன் எடுத்தாள். மலர் போனை மேசையில் வைத்துவிட்டுக் கதைத்தாள். நான் அடுப்படியில் நின்றேன்.

"அம்மா, நான் நோ பிளே சொன்னது பிழையாம். ஆரோ நடிச்சதை நம்பி முழுப் பயிற்சியையும் நிப்பாட்டினதாம். பதட்டப்படுற ஆளைச் சார்ஜன்ற் ஆக்கேலாதாம். திங்கள் பின்னேரம் முடிவு."

"ஆர் சொன்னது நடிப்பெண்டு?"

"மாமாதான். சூப் குடிச்சுக்கொண்டு ஊருக்கே சொன்னவர்."

"நீ உண்மையைச் சொல்லன்."

"எனக்கே தெரியாதே அம்மா, என்ன நடந்ததெண்டு. நான் அவரோட கதைக்கவும் இல்லை. நான்தான் இருக்கிறன் எண்டு காட்ட, சும்மா தலையை ஆட்டினனான். அவ்வளவுதான்."

மலர் மாச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"முகத்தை மூடிக்கொண்டோ?"

"குளிர் அம்மா, எல்லாரும்தான் மூடுறது."

"பிள்ளை, ஊரில ஆமி சுத்தி வளைச்சால் ஆம்பிளையள் எல்லாரையும் வரிசையில நடத்துவாங்கள். ஜீப்புக்குள்ள ஒருத்தன் சாக்கால முகத்தை மூடிக்கொண்டு இருப்பான், ரெண்டு ஓட்டை மட்டும். தலையாட்டி எண்டு சொல்லுறது. அவன் ஆரைப் பார்த்துத் தலையாட்டுறானோ, அவனைக் கொண்டு போயிடுவாங்கள்."

"எங்கட ஆக்களையுமோ அம்மா?"

"பெரியண்ணைக்குப் பின்னால சின்னண்ணை நிண்டவர்."

"பெரிய மாமா கனடாவில எண்டு…"

"பெரிய மாமா கனடாவில இல்லை."

இதெல்லாம் எண்ணெய்ச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வடை ஒரு ஈடு கருகிவிட்டது. இந்த நாட்டு எண்ணெய் சரியில்லை.

"அப்ப மாமா நடிக்கேல்லை" என்றாள் ஆரணி.

"அதை மாமாட்டக் கேள்."

அவள் கேட்கவில்லை. வடை நல்லா வந்ததோ மாமா என்று மட்டும் கேட்டாள். நல்லா வந்தது என்றேன்.

மார்ச் 16, சனி

கார் கழுவினேன். இந்தக் குளிரில் யாரும் கார் கழுவுவதில்லை. பின்னேரம் இன்னொரு தரம் கழுவினேன்.

மார்ச் 18, திங்கள்

இன்று என் நடிப்பு வாழ்க்கையின் உச்சம். கவனமாக எழுதுகிறேன்.

காலையில் தொழிற்சாலைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நேரே முகாமுக்குப் போனேன். வாசலில் சென்றி. கார் கொஞ்ச நேரம் ரோட்டோரத்தில் நின்றது; இயந்திரம் சூடாக வேண்டுமல்லவா. இந்தத் தரம் இறங்கி நடக்கவில்லை. தடைவரை காரிலேயே போனேன். கண்ணாடியை இறக்கி, நாய்க்கிழவி மாதிரி, "லெப்டினன்ட் ஹால்வொரைப் பார்க்க வேண்டும், தடியைத் தூக்கு" என்றேன். தூக்கவில்லை. ஆனால் போன் செய்து கூப்பிட்டார்கள்.

ஹால்வொர் என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி தந்தான். நான் நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் நடித்தேன் என்றால் பிள்ளை செய்தது பிழை. நான் நடிக்கவில்லை என்றால் பிள்ளை செய்தது சரி. கணக்கு இவ்வளவுதான், எட்டாம் வகுப்பே போதும். ஆகவே, நடிக்கவில்லை என்று நடிக்க வேண்டும். இதைவிடக் கஷ்டமான வேடம் உலகத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது.

"தம்பி, நான் அன்றைக்கு நடிக்கவில்லை" என்று தொடங்கினேன்.

பிறகு வசனம் தானாக வந்தது. பள்ளிக்கூட வளவில் வரிசை என்றேன். என் அண்ணன் பரமு எனக்கு முன்னால் நின்றான் என்றேன். ஜீப்புக்குள் இருந்த சாக்கு தலையை ஆட்டியது என்றேன். அவனை இழுத்தபோது ஒரு செருப்பு கழன்றது, நீல வார் போட்ட செருப்பு, அதை எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன், குனிந்த என்னை எழும்பவிடவில்லை என்றேன். அந்தச் செருப்பை எங்கள் அம்மா கழுவி வாசலில் வைத்திருந்தா, அவன் வந்தால் போடுவான் என்று, என்றேன். இவ்வளவு விவரம் கைதேர்ந்த நடிகனுக்குத்தான் வரும். கண்ணீரும் வரவழைத்தேன். மூக்கும் சேர்ந்து ஓடியது. அதுதான் கலை.

"சூப் கூடாரத்தில் சொன்னது?" என்று கேட்டான்.

"அதுதான் நடிப்பு" என்றேன்.

ஹால்வொர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். நோர்வேக்காரர் பேசாமலிருப்பதில் பல வகை உண்டு. இந்த வகையை நான் முன்பு கண்டதில்லை. பிறகு ஆறிப்போன என் கோப்பியைக் கொட்டிவிட்டுச் சூடாக வேறு தந்தான்.

"உங்கள் மருமகள் செய்தது சரி" என்றான். அவ்வளவுதான். இதை விரித்து எழுத எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சொல் பிசகாமல் நம்பிவிட்டான். இதுவரை நான் நடித்ததிலேயே சிறந்த நடிப்பு அதுதான். மேடையில் செய்திருந்தால் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

மார்ச் 20, புதன்

தேநீர் வேளையில் அரியம், "கனடா டயர்க் கடை எப்பிடிப் போகுது?" என்று கேட்டான்.

"மூடியாச்சு" என்றேன்.

அவன் பிஸ்கற் பெட்டியை என் பக்கம் தள்ளினான். கரவெட்டியிலும் நல்ல மனிதர்கள் உண்டு.

மார்ச் 23, சனி

ஆரணி ஈஸ்டர் விடுமுறையில் வந்திருக்கிறாள். ஓகஸ்டில் சார்ஜன்ட் பள்ளிக்கூடம். என் சிபாரிசு என்று எல்லோருக்கும் தெரியும். மலர் இன்று கோயிலில் ஐயரிடம் அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போது, "மகளுக்கு, ஆமியில இருக்கிறா" என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் நட்சத்திரத்தை மட்டும் கேட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போது ஆரணி சொன்னாள்: "மாமா, எங்கட செக்சனில இப்ப ஒரு வழக்கம். சனத்தைக் கண்டால் முதல்ல முகத்துணியைக் கழற்றுறது. முகத்தைக் காட்டிப்போட்டுத்தான் தலையாட்டுறது."

"குளிராதோ?" என்று மலர் கேட்டாள்.

"குளிரும்தான்."

"எத்தினை பேர் செய்யினம்?" என்று நான் கேட்டேன்.

"எட்டுப் பேர். நான் சொன்னனான், அவை செய்யினம்."

எட்டுப் பேர் என்றால் எட்டு மட்டும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆகவே சரித்திரத்துக்காக எழுதி வைக்கிறேன். தம்பு சோதிலிங்கம் என்ற ஒரு மனிதனுக்காக நோர்வே ராணுவம் தன் சட்டத்தை மாற்றியது. இனிமேல் இந்த நாட்டில் முகத்தை மூடிக்கொண்டு எவனும் எவனையும் பார்த்துத் தலையாட்ட முடியாது.